இருபதுக்கு மூன்று குறைவு

அவளை எல்லோரும் மார்க்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நினைத்துவிடக் கூடாது. மனநல ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், மருந்து ஆய்வுக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்டு, அவர்களுடைய மனச்சோர்வுக்கு மார்க் போடுவது அவள் உத்தியோகம். தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்பாள். பதிலுக்குத் தகுந்த மார்க். பரீட்சையில் மார்க் குறைந்தால் அழுவார்கள்; இங்கே குறைந்தால் நல்லது. பதினாலு வருஷ சர்வீஸில் ஒரு மார்க்கைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அந்தத் திமிரைப் பெரிய டாக்டர் உடைத்தார். மனச்சோர்வுக்கு ஒரு புது மாத்திரை ஆய்வுக்கு வந்திருந்தது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை; மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே சரக்கே இல்லாத டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்து, டம்மி சாப்பிட்டவர்களைவிட நிஜம் சாப்பிட்டவர்களுக்கு மார்க் நன்றாக இறங்கியிருந்தால் மருந்து பாஸ். ஆய்வில் சேர முதல் நாள் இருபது மார்க்காவது வாங்க வேண்டும். வந்தவர்களில் பலர் பதினாறிலும் பதினேழிலும் நின்றார்கள். பெரிய டாக்டரோ, ஐம்பது பேரைச் சேர்த்துக் காட்டுகிறேன் என்று மருந்து நிறுவனத்திடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

"பதினேழா? நீ கேட்ட நேரம் அவன் நல்லா இருந்திருப்பான். மறுபடி கேளு. மூணு மார்க் உனக்கு ஒரு பெரிய விஷயமா?"

மறுபடி கேட்டாள். மறுபடியும் பதினேழு. மூன்றாம் தடவை அவர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். தூக்கத்துக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, அசதிக்கு ஒன்று என்று ஏற்றி, வேறு தாளில் இருபது என்று எழுதினாள். அப்புறம் அவர் பின்னால் வந்து நிற்கத் தேவையே இருக்கவில்லை. ஐம்பதில் முப்பத்தொரு பேர் அப்படித்தான் சேர்ந்தார்கள். முதலில் எழுதிய தாள்களைக் கிழிக்க மனம் வராமல், வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

உண்மையாகவே முடியாமல் வந்தவர்களும் இருந்தார்கள். பதினொன்றாம் நம்பர் நோயாளியான தையல்காரம்மாவுக்கு முதல் நாள் இருபத்தாறு, ஒரு மார்க்கும் ஏற்றாமல். மூன்று மாதமாகத் தையல் மிஷினைத் தொடவில்லை. துணி கொடுத்தவர்கள் வீடு தேடி வந்து, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, வெட்டியும் வெட்டாமலும் கிடந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். எட்டாம் வாரம் அவள் மார்க் ஏழு. அன்றைக்கு மார்க்கம்மாவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "யாரும்மா இதைத் தைச்சது? தோள்பட்டை ஏறிக்கிட்டு நிக்குது. கழட்டிக் குடுங்க, நான் சரி பண்றேன்" என்று அதட்டினாள். மார்க்கம்மா சந்தோஷமாகக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்ற ரகசியத்தைப் பிரித்தார்கள். நிஜ மாத்திரைக்குச் சராசரியாகப் பத்து மார்க் இறங்கியிருந்தது. டம்மிக்கும் பத்து. ஆய்வு நடந்த மற்ற ஊர்களிலும் இதே கதை. மருந்து ஃபெயில். பல நிறுவனங்களுக்கும் ஆய்வுகளைக் கண்காணிக்கிற மேற்பார்வையாளர் அம்மா நேரில் வந்து எல்லோரையும் நீள மேஜையில் உட்காரவைத்து, ஒன்றுமில்லாத மாத்திரையைத் தின்று இத்தனை பேர் எப்படிக் குணமானார்கள் என்று கேட்டாள்.

பெரிய டாக்டர் விரலை நீட்டினார். "இதோ, இவங்கதான். மார்க் போடச் சொன்னா மடியில போட்டுத் தாலாட்டறாங்க. கைக்குட்டை குடுக்கறது, பிள்ளைங்க படிப்பை விசாரிக்கறது. இவங்க மூஞ்சியைப் பார்த்தே பாதிப் பேருக்குக் குணமாயிடுச்சு. மாத்திரை என்ன பண்ணும் பாவம்?"

மேஜை முழுக்கச் சிரித்தது.

அவளுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். பதினேழை இருபதாக்கினால், அடுத்த வாரம் ஏற்றிவிட ஆள் இருக்காது. மூன்று மார்க் தானாக இறங்கும். நிஜம் சாப்பிட்டவனுக்கும் இறங்கும், டம்மி சாப்பிட்டவனுக்கும் இறங்கும். லேசாகச் சோர்ந்தவர்கள் எட்டு வாரத்தில் தாமாகவும் தேறிவிடுவார்கள். அத்தனையும் சேர்ந்து மருந்தின் வேலையை மூடி மறைத்துவிடும். இதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஏற்றிய கை யாருடையது என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர்காரர். "விட்டுத் தள்ளு. பெரிய மனுஷங்க அப்படித்தான்" என்றார்.

"விடறதா? அந்த ஆளை அவர் வாயாலயே கவுக்கறேன், இருந்து பாருங்க."

"என்னைத் திட்டறப்போகூட உனக்கு இவ்வளவு நிதானம் வந்ததில்லையே!" என்று அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு வருஷம் கறுவிக்கொண்டிருந்தாள். தினமும் அவருக்கு வணக்கம் சொன்னாள், சிரித்தாள். நடுவில் தையல்காரம்மா மறுபடி படுத்துவிட்டாள். ஆய்வோடு மாத்திரையும் நின்றுவிட்டது. "உங்க பேச்சாலதான் குணமாச்சுன்னு டாக்டர் சொன்னாராமே. வந்து பேசுங்கம்மா" என்று ஆள் அனுப்பினாள். மார்க்கம்மா வியாழக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினாள். டாக்டர் குத்தலாகச் சொன்னது நிஜமாக இருந்துவிடக் கூடாதா என்று அவளுக்குள் ஒரு ஆசைகூட இருந்தது. பேசிப் பேசி வாய்தான் வலித்தது. தையல்காரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இன்னொரு நிறுவனத்தின் ஆய்வு வந்தது. மேற்பார்வைக்கு அதே அம்மாதான். இந்தத் தடவை புது விதி ஒன்று: கேள்வி நேரம் முழுவதையும் ரெக்கார்டரில் பதிய வேண்டும். நோயாளி உட்காருவதற்கு முன் போட வேண்டும். மார்க் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அணைக்க வேண்டும். மார்க்கம்மா அந்த வரியை மூன்று தரம் படித்தாள். பெரிய டாக்டர் விதிமுறைப் புத்தகத்தைத் திறக்கிற ரகம் இல்லை. நோயாளி போனால் ரெக்கார்டரும் போச்சு என்பது அவர் நினைப்பு.

அவள் ஒன்றும் சதி செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி போட்டாள், அவ்வளவுதான். பதினாறு, பதினெட்டு, பதினைந்து. ஐந்து வாரத்தில் ஒருவரும் சேரவில்லை. அவரோ இந்தத் தடவை அறுபது பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் முகம் வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டு வந்தது, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நன்றாகப் பசித்தது.

ஆறாம் வாரம் ஒரு லாரி டிரைவர் பதினேழு வாங்கிவிட்டு எழுந்து போனார். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் காத்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் வந்தார்.

"இவன் எத்தனை?"

"பதினேழு சார்."

"மூணு ஏத்து."

"அது பொய்யாயிடுமே சார்."

"என்ன, புதுசாப் பேசறே? போன ஆய்வில முப்பது பேருக்கு மேல ஏத்தினியே, அப்போ எங்க போச்சு இந்த நியாயம்? எவனாவது கேட்டானா?"

"நீங்க சொல்லித்தானே சார் ஏத்தினேன்?"

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். போடு!"

பதினேழு என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டாள். அதன் பிறகு காகிதக் கட்டுக்குப் பக்கத்தில் கை நீட்டி ரெக்கார்டரை அணைத்தாள். அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு அணைவதை அவர் பார்த்தார். அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அந்த முகத்துக்காகத்தான் அவள் ஒரு வருஷம் காத்திருந்தாள்.

மறு வாரம் மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டாள். "கோபத்துல உளறிட்டேன், யாரும் எதையும் மாத்தலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். நீங்களும் அதையே சொன்னா ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம். இல்லைன்னா உங்க வேலையும் போகும்."

அவள் பையிலிருந்து முப்பத்தொரு பழைய தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். "அவர் சொல்லி நான் ஏத்தினேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

பெரிய டாக்டரின் பெயர்ப்பலகையைக் கழற்றின அன்று அவள் வேலை மெனக்கெட்டு வந்து, எதிரில் நின்று, நாலு ஆணியும் வரும்வரை பார்த்தாள். அன்றோடு அவளையும் இந்தத் தொழிலில் சேர்க்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று மாதம் கழித்து மேற்பார்வையாளர் அம்மா ஃபோன் செய்தாள். "உங்களாலதான் மத்த ஊர்த் தாள்களையும் கிளறினோம். எங்கயும் இதே கூத்துதான். ஏத்தினவங்களைத் தள்ளிட்டு, நிஜமா இருபதுக்கு மேல இருந்தவங்களை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டோம். டம்மியை மருந்து நல்லாவே ஜெயிச்சிருக்கு."

"அப்போ மறுபடி குடுப்பாங்களா?"

"எங்க? ஃபெயில்னு அன்னிக்கே தயாரிப்பை நிறுத்தி, கம்பெனியும் கைமாறிடுச்சு. இனிமே யாரும் எடுக்கமாட்டாங்க."

"பதினொண்ணாம் நம்பர் நோயாளிக்கு எது குடுத்திருந்தீங்க?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நிஜ மாத்திரை."

அன்றைக்கு வியாழக்கிழமை. தையல்காரம்மா வீட்டில் மிஷின்மேல் பழைய போர்வை கிடந்தது. பத்து நாளாக அவள் படுக்கையைவிட்டு எழவில்லை என்று அவள் மகள் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மார்க்கம்மா கட்டிலருகில் உட்கார்ந்து, ஃபோனில் கேட்டதைச் சொன்னாள்.

"அப்போ உங்க பேச்சு இல்லையா?"

"இல்லம்மா. மாத்திரைதான்."

"அது இப்போ கிடைக்குமா?"

"கிடைக்காது. நிறுத்திட்டாங்க."

"நல்ல மாத்திரையை யாரு நிறுத்தினது?"

பெரிய டாக்டர் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வருஷமாக மென்ற சொல். அன்றைக்குத் துப்ப முடியவில்லை. அவர் ஏற்றச் சொன்னார், ஏற்றியது இவள். "மார்க்கைத் தப்பாப் போட்டு அதை ஃபெயில் ஆக்கினதுல நானும் ஒருத்தி" என்றாள்.

தையல்காரம்மா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு போர்வையை உதறினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், வாசல் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.