பக்கிரி மாமாவின் குதிர்

முத்துப்பேட்டையில் கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. நம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பொருளாளர் பக்கிரிசாமி மாமா போய்விட்டார். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அவர் இருந்திருந்தால், "சாவுக்கு எவளாவது கருவாட்டோட வருவாளா?" என்று கேட்டிருப்பார்.

அப்போதெல்லாம் நம் சங்கத்துக்கு ரூபாயில் சந்தா கிடையாது. களத்தில் அறுப்புக் கூலி அளந்ததும், வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் மாமா வீட்டுக் குதிருக்குப் போகும். வாங்கும்போது மரக்காலின் தலையை வழித்துத்தான் வாங்குவார். அடைமழையில் வேலையில்லாமல் போய் நின்றால், அதே மரக்காலைக் கோபுரமாகக் குவித்துக் கொடுப்பார்.

"இப்படி அளந்தா சங்கம் எப்படி மாமா நிக்கும்?"

"நீ பசியில்லாம நில்லு புள்ள. சங்கம் தானா நிக்கும்."

கூலி உயர்வு கேட்டு நாம் வயலில் இறங்காத வருஷம், அந்த நெல்தான் நம் உலையில் கொதித்தது. முற்றின கதிர் கொட்டத் தொடங்கியதும் மிராசுதாரே ஆள் அனுப்பினார். கூலி உயர்ந்தது.

ஜெயித்த தெம்பில் மாமாவுக்கு ஓர் ஆசை. மரத்தடியில் நனைந்துகொண்டே கூட்டம் போட்டது போதும், கட்டடம் வேண்டும் என்றார். எல்லோரும் கை தூக்கினோம். இருந்த நெல்லையெல்லாம் விற்றுச் செங்கல் வாங்கினோம். தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் சுவருக்கு நிறம் மாற்றுகிற ஊரில், அந்தச் சுவர் மட்டும் நம்முடையது.

அடுத்த சம்பாவில் மறுபடியும் கூலித் தகராறு. குதிர் காலி. வாரம் திரும்பும் முன்பே பழைய கூலிக்கு அரிவாளோடு இறங்கினோம். வரப்பில் நின்ற மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு அறுவடை மெஷின் வந்தது. களமும் போயிற்று, மரக்கால் சந்தாவும் போயிற்று. ரூபாயாகக் கேட்டால் "அடுத்த மாசம் தர்றேன் மாமா" என்றோம். குதிர் பிறகு நிரம்பவே இல்லை.

அன்றிலிருந்து அவர் கட்டடத்துக்குள் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துதான் கணக்குச் சொல்வார்.

"உள்ள வாங்க மாமா, வாடகை கேக்க மாட்டோம்" என்பேன்.

"உங்க சோத்தை வித்துக் கட்டுனது. அதுக்குள்ள எப்படிப் புள்ள உக்காருறது?"

தூக்கிய கைகளெல்லாம் நம்முடையவைதான் என்று யாராவது ஒருத்தர் அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

உடலை உள்ளேதான் வைத்தோம். வெளியே நல்ல மழை. வந்தவர்களில் ஒருத்தர்கூட நனையவில்லை.

அவருடைய மரக்காலை அவர் வீட்டார் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கைமாற்றாக அரிசி கேட்டு யார் வந்தாலும் அதில்தான் அளக்கிறேன். தலையை வழிப்பதில்லை.