இன்ஜினைத் துளைத்த துப்பாக்கி

துப்பாக்கி என்றால் ஆளைக் கொல்வதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். லாரியைக் கொல்லவும் ஒன்று செய்திருக்கிறார்கள் என்று எண்பதுகளில்தான் தெரிந்தது. அப்போது மலேசியாவில், ஈப்போ நகரில் லாரிப் பட்டறை வைத்திருந்தேன். பீடோர் பக்கம், நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை ஒட்டிய பட்டாளத்துத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் புதுத் துப்பாக்கியைச் சோதிக்கப் பழைய இன்ஜின் ஒன்று கேட்டார்கள். கொண்டுபோய் மண்மேட்டுக்கு முன்னால் இறக்கினேன்.

விற்க வந்த வெள்ளைக்காரன் தரையில் படுத்து ஒரு தடவை சுட்டான். அடேயப்பா! காது அடைத்துவிட்டது. போய்ப் பார்த்தால், வார்ப்பிரும்பில் இந்தப் பக்கம் நுழைந்த குண்டு அந்தப் பக்கம் வெளியேறியிருந்தது. மேட்டுக்கு அப்பால் இருந்த ரப்பர் காட்டில்தான் அக்காவுக்கு வேலை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மண்டோரிடம், தோட்டத்துக் கங்காணியிடம், காட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"அட, பயப்படாதீங்க தம்பி. இன்னைக்கு அங்க பால் வெட்டக் கூடாதுன்னு காலையில பெரட்டுல பேர் கூப்பிடும்போதே சொல்லியாச்சு லா."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. இந்த மனுஷனுக்கு மூளை இருக்கிறதா? மழையில் பால்வெட்டு நின்றுபோனால் எங்கள் பெண்கள் வீட்டிலா உட்காருவார்கள்? வாளியைத் தூக்கிக்கொண்டு அதே மரங்களுக்குப் போய், பால் வடியும் மங்குக் கிண்ணத்திலும் பட்டையிலும் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்குவார்கள். காலங்காலமாக அதுதான் வழக்கம். அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"ஐயோ, உள்ள பொம்பளைங்க இருக்காங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் அடுத்த வெடி. மேட்டின் உச்சியில் புழுதி கிளம்பியது. குண்டு மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

காட்டுக்குள் ஓடிப் பார்த்தால், அக்கா ஒரு மரத்தடியில் சரிந்து கிடந்தாள். கூப்பிட்டேன், உலுக்கினேன். உயிர் இல்லை. அவளோடு ஒட்டுப்பால் பொறுக்க வந்த பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"மொத சத்தத்துக்கே எங்கள எல்லாம் மரத்துக்குப் பின்னால போங்கன்னு அக்காதான் சொன்னாங்கண்ணே. அவங்களும் அப்படித்தான் நின்னாங்க."

அது எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது. கம்யூனிஸ்டுகளுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை நடந்த காலத்தில், நாங்கள் சிறுபிள்ளைகள். சுடுகிற சத்தம் கேட்டால் ஓடாதே, பெரிய மரமாகப் பார்த்து ஒட்டி நில் என்பாள். அந்தக் குண்டுகளை மரம் தாங்கியது. இந்தப் பாவிகள் இரும்பைத் துளைக்கச் செய்த குண்டுக்கு ரப்பர் மரம் எந்த மூலைக்கு?

மரத்தின் இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தது. அக்கா, அம்மா சொன்னபடியே, ஒட்டித்தான் நின்றிருக்கிறாள்.