பலாமரச் சட்டம்

கர்நாடகத்தில் சாகரத்துக்குப் பக்கத்து ஊரில் தனியாக இருந்த ஹுச்சப்பா, போன மழைக்காலத்தில் இறந்துபோன மனைவி பங்காரம்மா கடைசியாக வரைந்த சித்திரத்துக்குச் சட்டம் செய்தார். காற்றில் விழுந்த பலாக்கிளையைப் பட்டையோடு அறுத்தெடுத்திருந்தார்.

"கடையில பளபளன்னு ரெடியா விக்குதே அண்ணா, இந்தக் கரடுமுரடு எதுக்கு?" என்றான் பக்கத்து வீட்டுக் கெரியப்பா.

"செம்மண்ணும் அரிசிமாவும் குழைச்சு வரைஞ்சவடா அவ. பளபளப்பு அவளுக்கு ஒட்டாது."

கெரியப்பா சிரித்துவிட்டுப் போனான். ஹுச்சப்பா முக்காலியில் ஏறிச் சித்திரத்தைச் சுவரில் மாட்டினார். "நேரா இருக்கா பாரு" என்று பழக்கதோஷத்தில் அடுப்படியைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

மெல்ல இறங்கி, வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். இடது பக்கம் தாழ்ந்திருந்தது. மறுபடி ஏறிச் சரிசெய்தார். பொழுது சாயும்வரை ஏறுவதும் இறங்கிப் பார்ப்பதுமாகவே இருந்தார்.