எங்கள் வாதநாராயணன் மரத்து இலை

எங்கள் ஊரான சிலமலையில், தென்னந்தோப்பு வாய்க்கால் ஓரம் ஒரு வாதநாராயணன் மரம் நிற்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் பெண்கள் முழங்கால் வலிக்கு அதன் இலையைக் கேட்டு வருவார்கள். அப்பா கொப்பை ஒடித்துக் கொடுக்கும்போதே, "எங்க மரத்து எலை மாதிரி எங்கயும் கெடையாது" என்பார். முதுகலை ஆய்வுக்கு அந்த மரத்தை எடுத்தபோது ஆசிரியையிடம் நானும் அதையே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

ஒப்பிட இன்னொரு மரம் வேண்டும். போடிமெட்டுச் சாலைச் சரிவில், மழையை மட்டும் நம்பிக் கல்லிடுக்கில் நின்ற ஒன்றைத் தேர்ந்தேன். இரண்டு இலைகளையும் உலர்த்திச் சாறெடுத்து, மருந்துக்குணம் தரும் பீனால் சத்து கூடக்கூட நீலம் அடர்ந்துவரும் திரவத்தைச் சேர்த்தேன். சரிவு மரத்துச் சாறு இருந்த கண்ணாடிக் குழாய் மைபோலக் கறுத்தது. எங்களுடையது வெளிறி நின்றது. திரும்பத் திரும்பச் செய்தும் மாறவில்லை.

"தண்ணியும் உரமும் தாராளமா கெடைச்சா மரம் தழையா வளரும். வெயில்லயும் வறட்சியிலயும் நிக்கிறதுதான் தன்னைக் காப்பாத்திக்க இந்தச் சத்தை இலையில சேர்த்துக்கும்" என்றார் ஆசிரியை.

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆய்வு முடிவுகளை எல்லோர் முன்னும் நான் விளக்கும் நாளன்று அவர் வெள்ளைச் சட்டையும் கட்டைப்பை நிறைய இலையுமாகக் கல்லூரிக்கே வந்துவிட்டார். நான் தொடங்குமுன்பே எல்லோர் கையிலும் ஒரு கொத்து.

"நம்ம மரத்து எலை, சார். மூட்டுவலிக்கு வேற மருந்தே வேணாம்."

குழாய்களைத் தூக்கிக் காட்டினேன். முன்வரிசையிலிருந்து அப்பா என்னைக் கேட்டார்: "ஆத்தா, அதுல நம்மது எது?"

வெளிறியதைக் காட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆசிரியையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்பா பையின் வாயைச் சுருட்டி மடியில் அமுக்கிக்கொண்டது மட்டும் கண்ணில் பட்டது.

பஸ்சில் ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் அத்தை ஒருவர் காத்திருந்தார்.

"அண்ணே, ரெண்டு கொப்பு ஒடிச்சுக் குடுங்க."

"போடிமெட்டு ரோட்டுல ஒரு மரம் இருக்காம் தாயி. அதான் நல்ல எலையாம். அங்கன ஒடிச்சுக்க."

அந்த 'நல்ல எலையாம்' என்னைக் கல்லூரியில் பட்டதைவிட அதிகமாகக் கூச வைத்தது.

"அந்தச் சரிவுல ஏறுற காலு இருந்தா ஒங்ககிட்ட ஏண்ணே வர்றேன்? வெரசா குடுங்க."

அப்பா, கொடுக்கலாமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. தொரட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தேன். கை நிறைய ஒடித்து வந்து அத்தையிடம் நீட்டி, "எலையக் கொஞ்சம் கூடுதலாவே போட்டுக் காய்ச்சுங்க" என்றேன்.

அதற்குள் அப்பா வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்.