ஒட்டுக் கட்டும் ராமாமணி

என் தங்கை ராமாமணி மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறவள். துடியலூர்ப் பக்கம் எங்கள் லேஅவுட்டில் மாமரம் உள்ள வீடுகள் முப்பத்தொன்று. அதில் இருபத்தாறு வீட்டு மரங்கள் அவள் கட்டியவை. நானே தெருத்தெருவாக நடந்து எண்ணினேன். தங்கையை நினைத்துப் பெருமைப்பட்டு எண்ணினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வயிற்றெரிச்சல்.

அவளுக்கு நான் ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பஞ்சாலையில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவுக்குப் போனேன். முப்பது வருடத்தில் என் மெஷினிலிருந்து ஒரு பழுது கோன் வெளியே போனதில்லை. ராமாமணி பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணைக்குக் களை பறிக்கப் போனாள். “மண்ணு நோண்டறதுக்குப் பத்து வருசம் பள்ளிக்கூடம் போயிருக்கறா” என்று அப்பாவிடம் சொன்னேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அந்தப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். கொட்டையிலிருந்து முளைத்த நாட்டுக் கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல ரகத்தின் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். சாப்பாட்டு வேளையில் அவர்கள் கழித்துப்போட்ட குச்சிகளைப் பொறுக்கி ராமாமணி கட்டிப் பழகினாள். முதல் நூறு கன்றில் எழுபது பட்டுப்போயின. இரண்டாம் வருடம் நூற்றுக்கு எட்டுதான் பட்டன. பண்ணைக்காரர் தானாகவே அவள் கையில் கத்தியைக் கொடுத்தார்.

டெம்போ ஓட்டும் பாலுசாமிக்கு வாழ்க்கைப்பட்டு, பிறகு எங்கள் லேஅவுட்டுக்கே குடிவந்தாள். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வாசலில் பழைய எண்ணெய் டின்களிலும் உடைந்த பக்கெட்டுகளிலும் கன்றுகள் நிற்கும். கூட்டாத சருகு கணுக்கால் வரை கிடக்கும். அந்த ஐந்து சென்டு இடத்தில் செந்தூரம், மல்கோவா, இமாம்பசந்த் என்று மூன்று மரம். மூன்றும் வருடம் தவறாமல் காய்க்கின்றன.

என் வீட்டில் ஒரே மரம். ஒன்பது வருடத்துக்கு முன் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்று அவள் கொண்டுவந்து நட்ட இமாம்பசந்த். நட்டு முடித்துக் கையைக் கழுவும்போது, “ஏனுங்கக்கா, ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளிப்போடுங்க” என்று ஏதோ சொன்னாள். பந்தியைக் கவனிக்க வேண்டியிருந்தது. அதோடு, எனக்கு அவள் சொல்லித்தர வேண்டுமா என்ற எண்ணமும் இருந்தது.

அந்த மரத்தை நான் வளர்த்த மாதிரி யாரும் வளர்த்திருக்க மாட்டார்கள். மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து வட்டமாகப் பாத்தி கட்டினேன். எரு வைத்த தேதி, தண்ணீர் விட்ட நாள், வேப்பம் பிண்ணாக்கு போட்ட நாள் எல்லாவற்றையும் காலண்டரில் எழுதினேன். மரம் மாடியைத் தாண்டி வளர்ந்தது. பூ மட்டும் வரவில்லை. தை மாதம் அவள் மரங்கள் பூத்து, இரண்டு தெரு தாண்டி என் வாசல் வரை வாசம் வரும்போது எனக்குச் சோறு இறங்காது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

கேட்பவர்களிடம், “கன்னு சரியில்லீங்க” என்று சொல்லிவைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உறுதியாகிவிட்டது. நல்ல கன்றை ஊருக்குக் கொடுத்துவிட்டுக் கழிசலை அக்காவுக்கு வைத்துவிட்டாள் என்றே நம்பினேன்.

இந்த வருடம் மாசியில் லேஅவுட் சங்கத்துச் செயலாளர் கிருபாசங்கர் வீட்டுக்கு வந்தார். பூங்காவைச் சுற்றி அறுபது ஒட்டு மாங்கன்று வைப்பதாகத் திட்டம். “உங்க தங்கச்சிகிட்டயே வாங்கிப்போடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?” என்றார்.

அறுபது கன்று. அவள் பெயருக்கு ஒரு பூங்கா. என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கூடப் பொறந்தவளுக்குக் குடுத்த கன்னே ஒம்பது வருசமாப் பூக்கலீங்க. அப்புறம் உங்க இஷ்டம்” என்றேன்.

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். “அதுவும் சரிதானுங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங்கில பேசி, வேற பண்ணையில கேட்டுக்கறோம்” என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ராமாமணி வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். நேராக மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, என் பாத்தி மண்ணைக் கையால் விலக்கினாள். மண் மூடியிருந்த அடித்தண்டின் ஒரு பக்கம் கட்டைவிரல் பருமனில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. அதைத் தடவிக்கொண்டே, “இத ஆருங்க வெட்டுனது?” என்றாள்.

என் வீட்டுக்காரர் திருமூர்த்தி நாற்காலியில் இருந்தபடியே, “உங்க அக்காதான் அம்மணி. கன்னு வெச்ச மறுவருசம் ஒண்ணு ஒல்லியா வாடிப்போய் நின்னுது, பக்கத்துல இருந்து ஒண்ணு ஜம்முன்னு வந்துது. ஒல்லிய வெட்டிப்போட்டா” என்றார்.

“ஒல்லிதான் மாமா இமாம்பசந்த்து. ஜம்முன்னு வந்தது அடியில இருந்த நாட்டுக் கன்னு. அது பூக்க வருசக்கணக்காகுமுங்க.”

இத்தனை வருடம் தேதி எழுதி எரு வைத்தது ஏதோ ஒரு நாட்டுக் கொட்டைக்கு. வெட்டியது என் கை.

அவள் எழுந்து கையைத் தட்டினாள். “முப்பது வருசம் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்ட கை உங்குளுது. நான் போட்ட முடிச்சு எதுன்னு ஒரு நாள் குனிஞ்சு பாத்திருக்கலாமுங்களே அக்கா.”

“வாடிப்போச்சுன்னு நெனச்சேன் அம்மணி.”

“சோறு வாடுனா கொட்டுவீங்க. கன்னு வாடுனா எனக்கு ஒரு போன் போட்டா என்னங்க? ரெண்டு தெருதான?” அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “கிருபாசங்கர்கிட்ட நீங்க சொன்னது எனக்குத் தெரியுமுங்க. அறுபது கன்னு போறது போகட்டும். அக்காளுக்கே கழிசலக் குடுத்தவன்னு இனி என் கன்ன ஆரு வாங்குவாங்க? அதத்தான் கேட்டுப்போட்டுப் போலாமுன்னு வந்தேன்.”

அவள் போய்விட்டாள்.

இரண்டு நாள் சண்டை போட்டேன், எனக்குள்ளேயே. உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்க நான் முட்டாள். மில்லில் ஒரு பழுது விடாதவள் வீட்டு வாசலில் இத்தனை வருடப் பழுதை வளர்த்தவள். சொல்லாவிட்டால் அவளை ஒட்டுக் கட்ட இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். முன்பு நான் ஆசைப்பட்டதே அதுதான். கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. கன்றில் பழுது இல்லை என்று தெரிந்த பிறகு பழுது என்று பேர் போட்டு அனுப்ப எனக்குப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் முப்பது பேர் இருந்தார்கள். ராமாமணி வரவில்லை. மாங்கன்றுப் பேச்சு வந்ததும் எழுந்தேன்.

“என்ற தங்கச்சி குடுத்த கன்னு நல்ல கன்னுங்க. ஒட்ட வெட்டிப்போட்டுக் காட்டுச் செடிய வளத்தது நானுங்க. முந்தி நான் சொன்னது தப்புங்க.”

பின்வரிசையில் வள்ளியாத்தாள், எதிர் வீட்டுக்காரி, “அதுக்குத்தானுங்களா காலண்டர்ல எழுதி எழுதித் தண்ணி உட்டீங்க?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிருபாசங்கர் அங்கேயே போனை எடுத்து ராமாமணியைக் கூப்பிட்டார். “அறுபதும் நீங்களே கட்டிக் குடுத்துருங்க அம்மணி, ஆடியில நட்டரலாம்” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கூட்டம் முழுக்க அவரைச் சுற்றிக்கொண்டது. நான் வீட்டுக்கு வந்தேன். எரிச்சல் போகவில்லை. அது போகும் என்று நான் நினைக்கவும் இல்லை.

ஆனியில் சாரல் தொடங்கியதும் ராமாமணி ரம்பத்தோடு வந்தாள். மரத்தை இடுப்பு உயரத்தில் அறுத்து, வெட்டுவாயில் சாணமும் செம்மண்ணும் பூசினாள். நாலைந்து மாதத்தில் புதுத் துளிர் வரும், அதில் நல்ல ரகத்துக் குச்சியைக் கட்டலாம், இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும் என்றாள்.

“எங்க மரத்துலயே இமாம்பசந்த் குச்சி நெறைய இருக்குதுங்க. அதையே கட்டிப்போடட்டுங்களா?”

“வேண்டாம்” என்றேன்.

“அப்புறம்?”

“உன்ற ஊட்டுல இல்லாத ரகமாக் கட்டு.”

அவள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “காலாபாடி எங்ககிட்ட இல்லீங்க. ஆனைமலைக்குப் போய்க் குச்சி கொண்டுட்டு வாரேன்” என்றாள்.

“அதுல உனக்கு ஒண்ணும் கட்டிக்காத” என்றேன்.

“சரிங்கக்கா” என்றாள்.