கத்தரி தொங்கிய டேப்

என் தங்கையை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்குலம் என்பார்கள். தையல்காரி. ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே மிஷினில் உட்கார்ந்தபடி அவள் இடுப்பு இத்தனை என்று சொல்லிவிடுவாள். பிறகு டேப்பை வைத்து அளந்தால் அரை அங்குலம்கூடத் தப்பாது.

கடை ஒரே அறை. ஒரு பக்கம் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, சன்னலோரம் ஒரு முக்காலி. முக்காலி என்னுடையது. பொத்தான் வைப்பதும் ஓரம் தைப்பதும் நான். எழுதப் படிக்கத் தெரியாதுதான். ஊசி என்னிடம் படிப்பா கேட்டது?

எங்கள் அம்மாவும் அந்தக் கடையில் ஓரம் தைத்தவள். ஐம்பது வயதில் மாதவிலக்கு நின்றது. இரண்டே வருடத்தில் கைகால் இளைத்து தொப்பை போட்டது. அதன் பின்னாலேயே சர்க்கரை வந்தது. அறுபது ஆவதற்குள் கண் போய்விட்டது. சித்திக்கும் அதே வரிசை, ஒன்றும் மாறவில்லை. கண் போன பிறகும் அம்மா சும்மா இருக்கமாட்டாள். விரலால் தடவித் தடவித் தைப்பாள். கத்தரியை வைத்த இடம் தெரியாமல் மேஜை முழுக்கத் துழாவுவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் தங்கை டேப்பின் ஒரு நுனியில் கத்தரியைக் கட்டி, மறு நுனியைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். அம்மா ஆணியைத் தொட்டு, டேப்பைப் பிடித்துக்கொண்டே கையை இறக்கினால் கத்தரி வந்துவிடும்.

அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. அளவெடுக்கும்போது கத்தரி வாடிக்கைக்காரியின் முழங்காலில் ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் தெருப் பெண்களுக்கு அது பழகிவிட்டது.

தங்கைக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு பயம்தான். அம்மாவுக்குப் போன மாதிரி தனக்கும் கண் போய்விடுமோ என்று. கண் போனால் தையல்காரிக்கு என்ன மிச்சம்? அவளுக்கும் ஐம்பதில் மாதவிலக்கு நின்றது. அன்றிலிருந்து வருடத்தின் முதல் நாள் கடையைத் திறந்ததும் மிஷினுக்கு எண்ணெய் விடுவாள், பிறகு தன் இடுப்பை அளந்து அளவு நோட்டில் குறிப்பாள். அதே நோட்டில் அம்மாவின் பக்கமும் சித்தியின் பக்கமும் இருந்தன. போன வருடப் பிறப்பன்று என்னிடம் காட்டினாள்.

"அம்மாவுக்கு அம்பத்தஞ்சு வயசுல முப்பத்தி நாலு, அக்கா. எனக்கு முப்பத்தி ஒண்ணு. நான் தப்பிச்சேன்."

"ரத்தத்தையும் ஒரு தடவ பாத்துடேன்டி."

"எதுக்கு? டேப்பு சொல்லிடுச்சுல்ல."

நான் விடவில்லை, மாதம் ஒருமுறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவள் மிஷினை ஓட்டுவாள். மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பது அவளுக்கு ஒரு வசதி.

இப்படி இருக்கும்போது தெருமுனைச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருநாள் வெள்ளைக் கோட்டும் கையுமாக வந்தாள். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு அங்கே வாரம் ஒருமுறை முகாம் நடக்கும். இடுப்பளவு எடுத்து, ரத்தம் பார்ப்பார்கள். அதற்காக வாங்கிய கோட்டு.

"அக்கா, ரெடிமேடுல முப்பத்திரெண்டு வாங்கினேன். மூச்சு விட்டா பொத்தான் தெறிக்குது."

"துணிய மிச்சம் புடிக்கறானுங்க. உன் இடுப்பு முப்பத்திரெண்டுதான். இரு, காட்டறேன்."

தங்கை அளந்தாள். முப்பத்திரண்டேதான். நர்ஸுக்கு யோசனை. பையிலிருந்த முகாம் டேப்பை எடுத்துத் தானே சுற்றிப் பார்த்தாள். முப்பத்தைந்து.

"அது ஆஸ்பத்திரி டேப்பு," என்றாள் தங்கை. "பயமுறுத்தறதுக்குன்னே செஞ்சது."

"அப்போ ரெண்டையும் மேஜையில போடுங்க."

போட்டார்கள். நர்ஸின் டேப்பில் முப்பது முடிகிற இடத்தில் எங்கள் டேப்பில் இருபத்தேழும் கொஞ்சமும்தான் இருந்தது. எந்த டேப் பொய் சொல்கிறது என்று இரண்டு பேரும் குரலை உயர்த்த, நான் இழுப்பறையிலிருந்து மர அடிக்கோலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நான் சும்மா இருந்திருக்கலாம். அடிக்கோல் நர்ஸ் பக்கம் சேர்ந்துகொண்டது.

பத்தொன்பது வருடம் கத்தரியைத் தூக்கிக்கொண்டு தொங்கிய டேப், பாவம், நீண்டுவிட்டது. அதே டேப்பில் அளந்து, அதே டேப்பில் வெட்டியதால் தைத்த துணி மட்டும் எல்லாருக்கும் கச்சிதமாக இருந்தது. எங்கள் தெருவே கடைத்துணியைத் திட்டிக்கொண்டு நிம்மதியாகப் பருத்திருக்கிறது.

நர்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை.

"ஏம்மா, உன் டேப்புல எனக்கு ஒரு அளவு எடு."

நர்ஸ் எடுத்தாள். முப்பத்தி நாலு. தங்கை நோட்டைப் புரட்டி அம்மாவின் பக்கத்தில் விரலை வைத்தாள். அது டேப்பில் கத்தரியைக் கட்டுவதற்கு முன்னால் எடுத்த அளவு. பிறகு எங்கள் டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் இல்லை. பெடலை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸுக்கு விஷயம் புரிந்தது. நோட்டை வாங்கி, அம்மா, சித்தி, தங்கை மூன்று பக்கத்தையும் பார்த்தாள்.

"எங்க கணக்குல பொம்பளைங்களுக்கு முப்பத்தி ஒண்ணரைக்கு மேல போனா ரத்தம் பாக்கணும்க்கா. மாசவிலக்கு நின்னதும் கொழுப்பு வயித்துல வந்து சேரும், எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான். உங்க வீட்டுல பரம்பரையா வேற வருது. அதனால வாய்ப்பு கூட. வந்தே தீரும்னு இல்ல. முன்னாடியே தெரிஞ்சா கண்ணக் காப்பாத்திடலாம். அம்மாவுக்கு யாரும் முன்னாடி பாக்கல, அதான்."

"பாக்கறேன்," என்றாள் தங்கை. பாக்கறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் போனது. அதற்குள் செய்தி தெருவில் பரவிவிட்டது. மருந்துக்கடைக்காரன் மனைவி நேராக வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பத்து வருஷமா என்னை முப்பதுன்னு நம்ப வச்சுட்டியே. அவரு பாதி சாப்பாட்டோட எந்திரிச்சுடுவாரு, மீதியையும் நான்தான் முடிப்பேன், முப்பதுதானேங்கற தைரியத்துல."

"பழைய பாவாடைய அவுத்துக் குடு, பிரிச்சுத் தரேன்," என்றாள் தங்கை. "நீ சாப்பிட்டத நான் எப்படிப் பிரிக்கறது?"

வாய் பேசியது. ஆனால் அவள் போனதும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தாள். அன்றைக்கு நாலு தடவை அப்படிச் செய்தாள். நான் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தேன்.

"இப்படி ஒத்தக் கண்ணால பாத்துப் பாத்துத்தான் உனக்குக் கண்ணு போகப்போகுது. எந்திரி, முகாமுக்குப் போலாம்."

"நீ பேசுவ. நீ அப்பா ஜாடை. குச்சி மாதிரி இருக்க. நான் அம்மாவ உரிச்சு வச்சிருக்கேன். குத்திப் பாத்து இருக்குன்னு சொல்லிட்டா, நான் அப்புறம் எப்படித் தூங்குவேன்?"

"இப்ப மட்டும் தூங்குறியாக்கும்."

தங்கை துணியை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள்.

"நீ குத்திக்கிட்டா நான் குத்திக்கறேன்."

எனக்கு எதற்கு அதெல்லாம்? ஐம்பத்தெட்டு வயதாகிறது, கல்யாணத்தன்று போட்ட வளையல் இன்றைக்கும் கழன்று விழுகிறது. இருந்தாலும் அவளை நகர்த்த வேறு வழி இல்லை. சரி என்றேன். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு இரண்டு பேரும் போனோம். சுகாதார நிலையத்து பெஞ்சில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்ட பிடியில் குத்துவதற்கு முன்பே எனக்கு ரத்தம் வந்திருக்கும். வழியெல்லாம் நான்தான் தைரியம் சொன்னேன். சர்க்கரை வந்தவள் எல்லாம் செத்தா போனாள், வாயைக் கட்டினால் போதாதா என்று பெரிய மனுஷியாகப் பேசினேன்.

சாயங்காலம் நர்ஸ் காகிதங்களைக் கடைக்கே கொண்டுவந்தாள்.

"சின்னக்கா, உங்களுக்கு இன்னும் வரல. வாசல்ல நிக்குது. சாப்பாட்டக் குறைச்சு, தினம் அரை மணி நேரம் நடந்தா அப்படியே திருப்பி அனுப்பிடலாம்."

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து துணி மடிக்கப் போனேன்.

"பெரியக்கா, உக்காருங்க. உங்களுக்கு அது உள்ள வந்து பாய் விரிச்சுப் படுத்து ரொம்ப நாளாச்சு."

"காகிதம் மாறிப்போச்சு," என்றேன்.

"மாறல."

"நான் அப்பா ஜாடைம்மா."

"மூக்கும் உயரமும் அப்பாவோடதா இருக்கலாம். உள்ள யாரோடது வந்திருக்குன்னு ரத்தத்துக்குத்தான் தெரியும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்."

தங்கை என்னைப் பார்த்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் முடியவில்லை, மேஜையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காதவள். நான் முறைத்தேன். "சர்க்கரை வந்தவ எல்லாம் செத்தா போனா," என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

இப்போதும் அந்தக் காகிதம் மாறியதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம். இருந்தாலும் மாத்திரை போடுகிறேன். தங்கை எதிரில் நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள், என்ன செய்வது. நர்ஸ் அனுப்பிய கண் டாக்டர் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் சொட்டு விட்டு, உள்ளே விளக்கடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது, வருடம் ஒருமுறை வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் தங்கை தெருவில் இருந்த பலகையெல்லாம் எனக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். சொட்டு விட்டதில் எல்லாம் மங்கல்; பாதியைத் தப்பாகத்தான் படித்திருப்பாள். எனக்கு என்ன தெரியப்போகிறது?

கடையில் இப்போது புது டேப். பழையதை அம்மாவின் பக்கத்தில் வைத்து நோட்டை மூடிவிட்டாள். கத்தரியைப் புது டேப்பில் கட்டக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் கத்தரி தினமும் தொலைகிறது. மிஷினடியில், துணிக் குவியலில், மருந்துக்கடையில், வீட்டுச் சமையலறையில் என்று தேடிக்கொண்டு அங்குலம் தெருவுக்கும் கடைக்குமாக நடக்கிறாள். நர்ஸ் சொன்ன அரை மணி நேரம் அதிலேயே ஆகிவிடுகிறது. கத்தரி பல நாள் என் முக்காலிக்கு அடியில்தான் இருக்கும். நான் வாயைத் திறப்பதில்லை.