இறங்காமல் நின்ற கை

போன வருடத்துக்கு முந்தின வருடம், நல்ல மழைக்காலம். கொல்லயிலில் இருந்து நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் வழக்கம்போல் நின்றுகொண்டே போனேன். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மேல் தட்டிலிருந்து சேலைகளை இழுத்துப் போட்டு, விரித்துக் காட்டி, மடித்துத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். படிப்பு எதுவும் வேண்டாம், கை நன்றாக இருந்தால் போதும்.

ஒரு வளைவில் நாய் குறுக்கே ஓட, டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். மேல்கம்பியைப் பிடித்திருந்த வலது கையில் என் மொத்த உடம்பும் தொங்கியது. தோளுக்குள் ஏதோ கழன்ற சத்தம் எனக்கே கேட்டது. கம்பியை விட்டுவிட்டேன், கை மட்டும் கீழே வரவில்லை. காதை ஒட்டித் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், என் கையே என் பேச்சைக் கேட்கவில்லை என்ற பயம்தான் என்னைக் கொன்றது.

கண்டக்டர் உட்பட ஆளாளுக்குக் கையை இறக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் பிடித்து அமுக்கவே வந்துவிட்டார்கள். நான் போட்ட அலறலில் முன் சீட்டிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அக்கா எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

“ஆரும் தொடாண்டாம். அது எப்பிடி நிக்குதோ அப்பிடியே நிக்கட்டு” என்றார்.

என்னை இறக்கி ஆட்டோ பிடித்து, அவரும் கூடவே ஏறிக்கொண்டார். உள்ளே கை கொள்ளவில்லை. சாய்ந்து உட்கார்ந்ததில் முன்கை வெளியே நீட்டிக்கொண்டது. குழியில் வண்டி விழும்போதெல்லாம் அடி தோளில் படாதபடி, முழங்கையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே வந்தார். ரோட்டோரம் நின்ற தெரிந்த பெண் ஒருத்தி, நான் கையசைப்பதாக நினைத்துத் திருப்பிக் கையசைத்தாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அதற்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அக்காவின் போன் அடித்தது. ஒரு கையை மட்டும் விலக்கிப் பேசினார். “எனக்கு வேண்டி நிக்காண்டாம். எடுத்துக்கிடுங்க.” எங்கோ ஒரு வண்டி அவருக்காகக் காத்து நிற்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தோள் மூட்டு விலகினால் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விலகும், உனக்கு நேர் கீழே இறங்கிவிட்டது, அதனால்தான் கை மேலே நிற்கிறது என்றார். இப்படி ஒன்றை அவர் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம். அடியில் நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன, பலமாக இறக்கியிருந்தால் கையே போயிருக்கும் என்றார். மயக்கம் கொடுத்து, கையை முதலில் மேல்நோக்கி இழுத்து, மூட்டு உள்ளே போன பிறகுதான் மெல்ல இறக்கினார்கள்.

கண் விழித்தபோது கையை நெஞ்சோடு கட்டியிருந்தார்கள். அக்கா பக்கத்திலேயே இருந்தார். பாறசாலையில் வேலைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்து, அக்காவிடம், எங்கே போகணும், கொண்டு விடுகிறேன் என்றார்.

“காஞ்சிரங்குளத்துல ஒரு மரண வீடு. இனி பைய போனா போதும், எடுத்தாச்சு.” பிறகு, “எனக்க அண்ணனாக்கும்” என்றார்.

போனில் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

விரல்களுக்கு உணர்ச்சி வந்துவிட்டது. ஆனால் அன்று இறங்க மறுத்த கை, இன்று தோளுக்கு மேலே ஏற மறுக்கிறது. மேல் தட்டு வேலை போய், கடையில் இப்போது துணியைக் கவரில் போட்டுக் கொடுக்கிறேன். துக்க வீட்டில் யாராவது “எப்ப எடுக்கியது?” என்று கேட்டால் எனக்கு இந்தத் தோள்தான் வலிக்கிறது. இந்தப் பாதிக் கைக்காக ஒருத்தி தன் அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டாள் என்று நினைக்கும்போது, நன்றி என்ற சொல்கூட எனக்கு வாயில் வருவதில்லை.